உப்புப் பார்க்காத பொங்கல்

1

போன கோடைக்கு முந்தைய கோடையில், ஃபின்லாந்தின் தாம்பெரே நகரத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில், பன்னிரண்டு தமிழர்களுக்கு உப்புப் போட்ட சேமியா பாயசம் பரிமாறினேன். வேண்டுமென்று செய்யவில்லை. சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, மூடியின் நிறம்கூட ஒன்றுதான். முதலில் குடித்தவர் மதுரைக்காரர், நல்ல மனிதர். பாதி டம்ளர்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க ஊர்ப் பக்கத்துப் பக்குவமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் மொத்தக் கூட்டமும் மரியாதைக்காகக் குடித்து முடித்திருக்கும். நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய சின்னப் பையன் துப்பிவிட்டான்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே எட்டு மாதம் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்துவிட்டு, வெயில் வந்ததும் அந்த வீட்டை விட்டு ஓடிக் காட்டில் கூடாரம் போட்டுப் படுப்பார்கள். ஏரிக்கரைகளில் மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்த மரக்கொட்டகை இருக்கும். அதன் முன்னால் அடுப்பு, பக்கத்தில் வெட்டி அடுக்கிய விறகு. விறகு இலவசம். கோடாலியும் இருக்கும், யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். வந்து ஒரு வருடம்வரை எனக்கு இந்த நாட்டில் மிகவும் ஆச்சரியமாக இருந்தது அந்தக் கோடாலிதான்.

இன்னொரு ஆச்சரியம், காட்டில் ஆண்கள்தான் சமைப்பார்கள். வீட்டில் வெந்நீர் வைக்க யூடியூப் பார்க்கும் ஆட்களெல்லாம் இங்கே வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொள்வார்கள். எங்கள் தமிழ்க் கூட்டத்தில் அந்தப் பொறுப்பு எனக்கு. காரணம், நான் கல்வராயன் மலைக்காரன் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. உண்மையில் நான் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் பக்கம், கரும்பு வயலில் பிறந்தவன். மலைக்கும் எனக்கும் உள்ள தொடர்பு வீட்டு வாசலில் இருந்து அதைப் பார்த்ததுதான். ஆனாலும் பேச்சை நான் திருத்தவில்லை.

காட்டில் எளிதாகச் சமைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னிடம் நான்கு விஷயம் உண்டு. சாமை இருந்தால் கவலையே இல்லை. ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், ஒரு கை பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், ஒரே பானை, இருபது நிமிடம். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வெட்டி மிளகாய்த்தூளோடு அலுமினியத் தாளில் சுற்றித் தணலுக்குள் போட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே வெந்துவிடும். இனிப்புக்கு இந்த ஊர்க்காரர்கள் வாழைப்பழத்தைத் தோலோடு நீளமாகக் கீறி, உள்ளே சாக்லேட் செருகி, தாளில் சுற்றிச் சுடுவார்கள். நான் சாக்லேட்டுக்குப் பதிலாக வெல்லமும் ஏலக்காயும் வைப்பேன். நான்காவது அந்தச் சேமியா பாயசம். அது இப்போது பட்டியலில் இல்லை.

திரும்பி வரும்போது காரில் திட்டு விழுந்தது. என் மனைவி சுமதிக்குத் திருநாவலூர். அந்தப் பக்கத்துக்காரர்கள் திட்டுவதைக்கூடப் பொறுமையாக, உட்கார்ந்து திட்டுவார்கள். நெடுஞ்சாலை வந்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்க மாட்டாரு. அவரு எப்பவும் சாமிக்குத்தான் சமைக்கிறாரு. நாமதான் தெரியாம வாங்கிச் சாப்புட்டுட்டோம்."

பின்சீட்டில் இருந்த என் மகள் கயலுக்கு அப்போது பதிமூன்று வயது. காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, "ஏம்ப்பா நீ ருசி பாக்க மாட்டே?" என்று கேட்டாள். அவள் எங்கள் பேச்சில் கலந்துகொண்டு பல வாரம் ஆகியிருந்ததால் மகிழ்ச்சியாகப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

2

நான் சமையல் கற்ற இடம் ஒன்றே ஒன்றுதான். கோமுகி அணையைத் தாண்டி மலையடிவாரத்தில் புளியமரங்களுக்கு நடுவே எங்கள் குலசாமி முனியப்பன் இருக்கிறார். கோயில் கிடையாது. ஒரு கல், நான்கு வேல். வருடம் ஒருமுறை ஆடியில் பங்காளிகள் எல்லோரும் பாத்திரம் பண்டம் கட்டிக்கொண்டு போய், மூன்று கல் கூட்டிச் சமைத்து, படைத்து, சாப்பிட்டுவிட்டு வருவோம். இதைத்தான் இந்த நாட்டில் கேம்பிங் என்கிறார்கள். சாமி மட்டும் இல்லை.

அங்கே சில சட்டங்கள் உண்டு. தலைக்கட்டுக்கு ஒருவர் பானையோடு வரவேண்டும். எங்கள் வீட்டுக்குப் பொங்கல் பானை, பெரியப்பா வீட்டுக்குக் கறிக்குழம்பு. பொங்கல் நெல்லரிசியில் ஆகாது, சாமைதான். சாமி மலையிலிருந்து இறங்கி வந்தவராம், அவருக்கு நெல் சோறு பழக்கமில்லை. அதனால் பூசாரி வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வரும்போது அளந்து ஒரு பானைக்குச் சாமை கொண்டுவருவார். சமைப்பது ஆண்கள் மட்டும், பெண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. படைக்கும்வரை யாரும் ருசி பார்க்கக்கூடாது, எச்சில் பட்டால் பானையோடு குழியில் கொட்டவேண்டும். மிஞ்சியதையும் அங்கேயே புதைக்கவேண்டும், ஒரு பருக்கைகூட எல்லை தாண்டி வீட்டுக்கு வரக்கூடாது.

இங்கே கொட்டகையில் மாட்டியிருக்கும் பலகையோ, கொண்டுவந்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு போ, எதையும் புதைக்காதே என்கிறது. இரண்டு சட்டத்தையும் மதிப்பவன் நான். அதனால் மிஞ்சாத அளவுக்கே சமைப்பேன், விருந்தினர்கள் வீட்டுக்குப் போய் மறுபடி சாப்பிட்டதாகக் கேள்வி.

யாரும் ருசி பார்க்காத பொங்கல் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு நினைவு தெரிந்து உப்பு சரியாக இருந்த வருடம் கிடையாது. ஒரு வருடம் கம்மியாக இருக்கும், அதை மனதில் வைத்து அடுத்த வருடம் ஜாஸ்தியாகப் போடுவார்கள். வாய்விட்டுச் சொல்வதும் குற்றம். முப்பது நாற்பது ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல் தின்றுவிட்டு எழுந்திருப்போம். பிற்பாடு அலுவலகக் கூட்டங்களில் உட்காருவதற்கு அது நல்ல பயிற்சியாக அமைந்தது.

முதல்முறை அப்பா என்னைக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது. என் அக்கா செல்வி பன்னிரண்டு. அம்மா களையெடுக்கப் போகும் நாட்களில் வீட்டில் சோறாக்குவது அவள்தான். நான் தீக்குச்சி உரசினால் குச்சி ஒடியும், தீ வராது. அடுப்பு தெரிந்தவள் வாசலில் நின்றாள், தெரியாதவன் டிராக்டரில் ஏறிச் சமைக்கப் போனான். "நானும் வரேம்பா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா காதில் வாங்கவில்லை. நான் டிராக்டர் மேலிருந்து அவளுக்குப் பழிப்புக் காட்டினேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறந்துவிட்டதாகச் சொல்லிப் பயனில்லை.

இதில் பழிப்புக் காட்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கயலிடம் சொன்னேன்.

3

அடுத்த மே மாதம் கயலின் வகுப்புக்குக் காட்டு முகாம். பள்ளியிலிருந்து படிவம் வந்தது. பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, என்ன உணவுக் கட்டுப்பாடு, நீந்தத் தெரியுமா, தூக்கத்தில் நடப்பாளா என்று நான்கு பக்கம். கடைசியில், குடும்பத்தில் காட்டுச் சமையல் மரபு ஏதாவது இருந்தால் எழுதும்படி ஒரு பெட்டி. எல்லோரும் காலியாக விட்ட அந்தப் பெட்டியை நான் என் ஃபின்னிஷில் நிரப்பினேன். அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் பதினைந்து வால் உண்டு, எதை ஒட்டினாலும் ஒரு பொருள் வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை காட்டில் நாங்கள் சாமிக்குச் சமைப்போம் என்று எழுத நினைத்தேன். ஆசிரியை கயலிடம், உங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு சாமியைச் சமைப்பீர்களா என்று அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

"இனிமே படிவத்தை நான் எழுதுறேன்" என்றாள் கயல். அந்த வேலை அன்றோடு என்னைவிட்டுப் போனது.

முகாமுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பதார்த்தம் செய்யவேண்டும். மற்றவர்கள் தொத்திறைச்சி, குச்சியில் சுற்றிச் சுடும் ரொட்டி, வட்டக் கல்லில் ஊற்றும் தோசை மாதிரி ஒன்று. கயல் என்ன செய்வாளோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சுமதியிடம் பேசி முடித்திருந்தாள். முகாம் நாளில் காடு காய்ந்துகிடக்கிறது, எங்கும் தீ மூட்டக்கூடாது என்று எச்சரிக்கை வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள் பச்சைத் தொத்திறைச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். கயல் மட்டும் அரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் எடுத்துப் பிசைந்து துள்ளுமாவு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அடுப்பே வேண்டாத இனிப்பு. முனியப்பனுக்கு முன்னால் மாவிளக்காக வைப்பது, முகாமில் வரிசையில் நின்று இரண்டாம் முறை வாங்கித் தின்றார்களாம். "கயா, உங்க ஊர்ல எல்லாருமே இவ்வளவு புத்திசாலியா?" என்று ஒரு பையன் கேட்டதாகச் சொன்னாள். அவர்கள் வாயில் கயல் கயாவாகிவிட்டதை நான் கவனித்தேன், அவள் கவனிக்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் கேட்டாள். "அந்தப் பொங்கலுக்கு நானும் போறேம்ப்பா. ஆடின்னா ஜூலை கடைசிதானே. எனக்கு லீவுதான்."

"அங்க பொண்ணுங்க வர மாட்டாங்க கயலு."

"ஏன்?"

முப்பது வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருக்கலாம். செய்யவில்லை. அது அப்படித்தான், பெரியவர்கள் வைத்தது, காட்டுச் சாமி உக்கிரமானது என்று மூன்று பதில் சொன்னேன். அவள் மூன்றையும் கேட்டுவிட்டு, "அத்தையும் போனதில்லையா?" என்றாள்.

"இல்ல."

"அவங்க கேட்டாங்களா?"

"பாக்கலாம், பெரியப்பாகிட்டக் கேட்டுப் பாக்கலாம்" என்றேன். தமிழ் வீட்டில் அப்பா பாக்கலாம் என்றால் முடியாது என்று பொருள், நமக்கெல்லாம் பிறவியிலேயே தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாது. நாட்காட்டியை எடுத்து, "எப்போ கேப்பே?" என்றாள்.

4

நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் பெண் மேலாளர், பெண் அமைச்சர்கள், பெண் பாதிரியார் என்று ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இந்த நாட்டின் பெருமையைச் சொல்பவன் நான். ஆனால் பங்காளிகளில் மூத்தவரான, எண்பது வயதைத் தொடும் பெரியப்பாவிடம், என் மகள் பொங்கல் வைக்க வரலாமா என்று ஒரு வாக்கியம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கிருந்து பார்க்கும்போது எல்லாச் சீர்திருத்தமும் சுலபமாகத்தான் இருக்கிறது.

கயல் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாள். அதற்கு முந்தைய குளிர்காலத்திலிருந்தே வேறு ஒரு வேலையையும் ஆரம்பித்திருந்தாள். பாயசம் கண்ட பயம், நான் அடுப்புப் பக்கம் போனால் போதும், கையில் ஒரு சின்னக் கரண்டியைக் கொடுத்துப் பக்கத்தில் நிற்பாள். "அப்பா, ருசி பாரு." ரசம் கொதித்தால் ருசி பார், குழம்பில் புளி விட்டால் ருசி பார். முதலில் தொண்டையில் இறங்காது, திருடித் தின்பது போல இருக்கும். நாலைந்து மாதத்தில் பழகிவிட்டது. நானே ஊதி, நாக்கில் வைத்து, தலையாட்ட ஆரம்பித்தேன். உப்பு என்பது ஊகிக்க வேண்டியதில்லை என்று நாற்பத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பாவிடம் கேட்பதற்குப் பதிலாக ஒரு நாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு இரண்டு ஏக்கர் கரும்பையும் ஒரு ஏக்கர் மரவள்ளியையும் அவள்தான் பார்க்கிறாள். அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பானையைப் பெரியப்பா வீட்டுப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், நினைக்கவே இல்லை என்று பொருள்.

"ஏங்க்கா, முனியப்பன் பொங்கலுக்கு கயலு வரணுங்குது. பெரியப்பா இன்னா சொல்லுவாரு?"

"இன்னா சொல்லுவாரு. மொறைப்பாரு. வரச் சொல்லு, எனக்கும் ஒரு ஆளு ஒத்தாசையா இருக்கும்."

"உனக்கா?"

"பின்ன யாருக்கு? நாந்தானடா மூணு வருசமா பொங்கல் வெச்சிக்கினு இருக்கேன்."

அவள் கரும்புத் தோட்டத்தில் இருந்தாள் போல, மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பொறுமையாகச் சொன்னாள். அப்பா போன பிறகு இரண்டு வருடம் எங்கள் பானை போகவில்லை. மூன்றாவது வருடமும் போகாவிட்டால் தலைக்கட்டில் இருந்து எங்கள் வீட்டை எடுத்துவிடுவார்கள். பெரியப்பா பையன்களில் ஒருவன் சென்னையில், ஒருவன் துபாயில். பொங்கல் பானை இல்லாமல் படையல் கிடையாது, அந்த இரண்டு வருடமும் நடக்கவில்லை. அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாளாம்.

"போவக்கூடாதுன்னாங்க. கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கு அவங்கவங்க புருசன் வூட்டு சாமி இருக்குது, எனக்கு எந்த சாமின்னு கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் மத்த வூட்டுல இருந்தும் ரெண்டு மூணு பொம்பளைங்க வருதுங்க."

"எனக்கு ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே" என்றாள். கோபமில்லை, மழை பெய்ததா என்று கேட்டால் பதில் சொல்லும் குரல்தான்.

போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. நான் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சட்டத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறேன், பாயசத்தில் உப்பைக் கொட்டி அதற்கு விசுவாசம் காட்டுகிறேன், அந்தச் சட்டமோ ஊரில் மூன்று வருடத்துக்கு முன்பே மாறிவிட்டது. மாறியதற்குக் காரணமும் என் முற்போக்கு இல்லை. நான் வராததுதான்.

5

கயலிடம் ஃபின்லாந்து பாஸ்போர்ட். அப்பன் ஊருக்குப் போக அவள் விசா கேட்கவேண்டும். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், மாநாடு என்று இருந்தது. "சாமிக்குப் பொங்கல் வெக்கறது எதுல வரும்?" என்று கேட்டாள். மாநாடு என்று சொல்லத் தோன்றியது, பங்காளிகள் கூடும் இடத்துக்கு அதுதான் பொருத்தம். சுற்றுலா என்று போட்டாள். சுமதிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவளுக்கு வருத்தம் எதுவும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறிக் கச்சிராயபாளையத்தில் இறங்கியபோது அக்கா குட்டியானை வண்டியோடு நின்றாள். ஓட்டி வந்தது அவள்தான். கயலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம்மாம் ஒசரம் வளந்துட்டே" என்று அவளை முன்சீட்டில் ஏற்றினாள். நான் பின்னால் பெட்டிகளோடு ஏறிக்கொண்டேன்.

முதல் வேலையாகப் பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அங்கே எவ்வளவு குளிரும், மாடு உண்டா என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"உங்க அக்காக்காரி மூணு வருசமா வரா. ஒரு குத்தமும் நடக்கல, அதனால நானும் சும்மா இருக்கேன். இப்ப உன் பொண்ணும் வருதுன்றே. வரட்டும். அடுப்பாண்ட நிக்கட்டும். பந்தியில பரிமாறக் கூடாது, அது ஆம்பளைங்க வேலை. ஆனா ஒண்ணு, சின்னதா ஒரு குத்தம் நடந்துச்சின்னாலும் அடுத்த வருசத்துல இருந்து பழையபடி ஆம்பளைங்க மட்டுந்தான். அக்காவும் இல்ல, யாரும் இல்ல. சொல்லிட்டேன்."

"சரிங்க பெரியப்பா" என்றேன். வாசலில் நின்ற அக்கா வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கயலிடம் மட்டும் நிதானமாகச் சொன்னாள். "நல்லா கேட்டுக்க கண்ணு. அங்க கையி வாயிக்குப் போவக் கூடாது. மத்தது எதுன்னாலும் நான் சமாளிச்சுக்குறேன். அது ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு அடுத்த வருசம் பானை இல்ல."

கயல் சட்டம் என்றால் உயிரை விடும் நாட்டில் வளர்ந்தவள். மறுநாள் காலை மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

6

புளியமரங்கள் அப்படியே இருந்தன. வெள்ளிமலை ஜீப் வந்தது, பூசாரி சாமையை அளந்து கொடுத்தார். அக்கா கல் கூட்டித் தீ வைத்த வேகத்தைப் பார்த்துக் கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தாம்பெரே காட்டில் நான் ஈர விறகோடு அரைமணி நேரம் போராடுவது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அக்கா உலையில் சாமையைப் போட்டாள், கண்ணளவில் ஒரு கை உப்புப் போட்டாள், கயலை விறகு பொறுக்க அனுப்பினாள். குடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் கரண்டியைக் கொடுத்தாள்.

"தண்ணி மொண்டாரேன். கெளறிக்கினு இரு, அடி புடிச்சிடும்."

கிளறினேன். பருப்பும் சாமையும் குழைந்து வந்தது. பெரியப்பா பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, பூசாரியிடம் மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அடுப்பில் கறி தாளிக்கும் வாசனை வந்தது. நல்ல பசி. கரண்டியை எடுத்தேன், நுனியில் ஒட்டியிருந்ததை ஊதினேன், நாக்கில் வைத்தேன். உப்புக் கம்மி என்று தெரிந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிந்தது. கை தானாகக் கரண்டியைப் பானைக்குள் விட்டிருந்தது.

நிமிர்ந்தால் எதிரே அக்கா, இடுப்பில் குடத்தோடு. அவளுக்குப் பின்னால் விறகோடு கயல். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் இரண்டும் விரிந்து நின்றது.

செய்யவேண்டியது எனக்குத் தெரியும். பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். பானையைக் குழியில் கவிழ்க்க வேண்டும். வேறு சாமை கிடையாது, எனவே படையலும் கிடையாது. தின்றது நான்தான் என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யலாம். பொம்பளைங்க வந்ததால்தான் உனக்குப் புத்தி தடுமாறிச்சு என்பார்கள். என் பங்காளிகளை எனக்குத் தெரியும். பழிப்புக் காட்டிய பயல் முப்பத்தைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து, அவள் ஒண்டியாக நின்று வாங்கிய இடத்தை ஒரு நாக்கு நீட்டலில் பிடுங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

அக்கா குடத்தை இறக்கினாள். என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கழுவினாள். பானையை இரண்டு சுற்றுக் கிளறினாள். என்னைப் பார்க்காமல், தீயைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"உப்பு எப்பிடி இருக்குது?"

"கம்மி."

"எம்மாம்?"

"அரைக் கை."

அரைக் கை உப்பை அள்ளிப் போட்டாள். "போ, போயி எலையக் கழுவு" என்றாள். கயல் விறகைக் கீழே வைத்தாள். அவளுடைய நாட்டில் இதை எழுத்தில் புகார் செய்யவேண்டும். முகக்கவசத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அத்தை பக்கத்தில் போய் நின்றாள்.

படைத்து, கும்பிட்டு, பந்தியில் உட்கார்ந்தோம். இளவட்டங்கள் பரிமாறினார்கள். பெரியப்பா முதல் வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார்.

"இன்னாடா இது, உப்பு சரியா இருக்குது."

வரிசை முழுக்கத் தலை அசைந்தது. யாருக்கும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை, இதற்கு முன்பு யாரும் உப்பைப் பற்றிப் பேசியதில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"நீதான அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தே? அதான பாத்தேன். எத்தினி இருந்தாலும் ஆம்பள கை பட்டாத்தான் சாமிக்கு ஏறும்."

பெண்கள் தூரத்தில் மரத்தடியில் நின்றிருந்தார்கள். அக்கா காதில் அது விழுந்திருக்க வேண்டும், பானையைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள். என்னிடம் இரண்டு உண்மை இருந்தது. ஒன்றைச் சாகும்வரை சொல்ல முடியாது.

"நான் சும்மா கெளறிக்கினு இருந்தேன் பெரியப்பா. ஒலை வெச்சது, உப்பு போட்டது எல்லாம் அக்காதான்."

பெரியப்பா இலையில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அது ரொம்ப நேரமாகத் தெரிந்தது. பிறகு பரிமாறவந்த பையனைக் கையால் தடுத்து, மரத்தடியைப் பார்த்தார்.

"எல காலியா இருக்குது. ஆக்கினவளையே எடுத்தாந்து போடச் சொல்லு."

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கயல் பின்னாலேயே கரண்டியோடு வந்தாள். பெரியப்பா இலையில் இரண்டு கரண்டி போட்டாள், அடுத்து பூசாரிக்கு, பிறகு ஒவ்வொரு பங்காளிக்கும். அவசரப்படவில்லை. என் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து, "நீதான் எல்லாருக்கும் முன்னாடியே சாப்ட்டுட்டியே" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.